மா டேபாலின் நாய்

நான் பூசான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தீவில், பெண்களுக்கான பொதுக் குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கிறவள். பெயர் பில்னாம், 'கட்டாயம் ஆண்' என்று அர்த்தம். அடுத்ததாவது ஆண்பிள்ளையாகப் பிறக்கட்டும் என்று நான்காவது பெண்ணுக்கு என் அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் பெண்தான் பிறந்தது. பெயர் மட்டும் வீணாக என்னிடமே தங்கிவிட்டது.

இருபத்தோரு வருஷமாகத் தேய்க்கிறேன். ஈரக் கட்டிலில் குப்புறப் படுப்பார்கள். நான் சொரசொரப்பான துணியைக் கையில் மாட்டிக்கொண்டு கழுத்திலிருந்து குதிகால் வரை அழுக்கை உருட்டி எடுப்பேன். இந்தத் தீவில் பாதிப் பெண்களின் முகம் எனக்குத் தெரியாது, முதுகு தெரியும். என் புஜத்தைப் பார்த்து எங்கள் முதலாளியம்மா சொல்வாள்: "உன்னை எவன்டி தொடுவான்? தொட்டா தோலை உரிச்சுக் கையில குடுத்துட மாட்டே?"

கைக்குப் பயமில்லைதான். முதுகுக்குத்தான் பயம். அவளுக்கென்ன, கூடத்துக்கு மேல்மாடியிலேயே வீடு, கீழே இறங்கினால் கல்லாப்பெட்டி.

மலைமேல் இருக்கும் என் வீட்டுக்கு நூற்று எண்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கூரைகள், அதற்குக் கீழே துறைமுகம். பூசானில் குளிர்காலம் என்றால் ஐந்தரைக்கே இருட்டிவிடும். எனக்கு வேலை முடிவது ஆறு மணிக்கு. நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜனவரியில், எனக்குப் பின்னால் ஒரு காலடி ஏறி வந்தது. நான் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. பார்த்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று தோன்றியது. நான்கு நாள் அப்படி வந்தது. ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குள் போய்க் கதவை அடைத்துச் செருப்பைக் கழற்றுகிறேன், வெளியே யாரோ என் பூட்டின் எண்களை அழுத்துகிறார்கள். தப்பான எண் என்று பூட்டு சிணுங்கியது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடி சிணுங்கியது. ஒன்பது தடவை. நான் சமையல் கத்தியைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, "குடிச்சிட்டு மாடி மாறி வந்திருப்பான்மா" என்றார். ஐந்து நாளாகவா மாடி மாறி வருவான்?

மறுநாள் தேய்க்கும் கட்டிலில் படுத்த பெண்களிடம் சொன்னேன். படுத்தபடியே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தனியாக இருக்கிற பெண்கள் எல்லோரும் செய்கிறதுதான்: கதவுக்கு வெளியே பெரிய சைஸ் ஆண் செருப்பை வை, கொடியில் ஆண் ஜட்டி போடு, பார்சல் வரவழைத்தால் உன் பெயரைக் கொடுக்காதே, கேட்டாலே ஒதுங்கிப் போகிற மாதிரி ஒரு ஆண் பெயரைக் கொடு. மீன் சந்தையில் வேலை பார்க்கும் ஒருத்தி, ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு, "மா டேபால்னு வை. அந்தப் பேர்ல நல்லவன் எவனும் இருக்க முடியாது" என்றாள்.

அப்படித்தான் என் 301-ஆம் வீட்டில் மா டேபால் குடியேறினார். சந்தையில் இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்தேன். பார்சல்கள் எல்லாம் அவர் பெயரில் வந்தன. கதவைத் தட்டினால், "ஏங்க, நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டுத்தான் திறப்பேன். முதலில் ஆள் வரும்போது மட்டும் கத்தினேன். பிறகு யாரும் வராதபோதும் பேசத் தொடங்கிவிட்டேன். சோறு குழைந்துவிட்டால், "உன்னாலதான்டா" என்று திட்டினேன். தோள் வலிக்கிற நாளில் பாத்திர மூடியைச் சுவரில் வீசி, அவர் குரலில் நானே கரகரவென்று பதிலும் சொன்னேன். ஐம்பத்தாறு வயசில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். முப்பத்து நாலு வயசில் வந்த வேகத்திலேயே போன ஒரு கணவனை விட டேபால் எவ்வளவோ மேல்.

ஆனால் டேபாலால் படி இறங்க முடியாதே. தெருவில் என் முதுகு எப்போதும்போலத் தனியாகத்தான் வந்தது.

அதற்குக் கம்ஜா வந்தான். கம்ஜா என்றால் உருளைக்கிழங்கு. நாய்க்குச் சாப்பாட்டுப் பெயர் வைத்தால் ஆயுசு கெட்டி என்று எங்கள் ஊர் நம்பிக்கை. குளியல் கூடத்துக் கொதிகலன் அறையில் கட்டிப்போட்டு வளர்த்தவன் வேலையை விட்டுப் போனபோது நாயையும் விட்டுவிட்டுப் போனான். மஞ்சள் உடம்பு, கரிமூக்கு, பாதி கடிபட்ட ஒரு காது. பார்த்தால் நான்கு பேரைக் கடித்துவிட்டு ஐந்தாவது ஆளைத் தேடுகிற முகம். உள்ளுக்குள் அவனைப்போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. காற்றில் பிளாஸ்டிக் பை பறந்தாலே என் காலுக்கிடையில் ஒளிவான். சோறு வேகும் குக்கர் ஆவி விட்டால் போதும், கழுத்தை நீட்டி ஊளையிடுவான்.

ஆனாலும் அவனைக் கூட்டிக்கொண்டு முதல் நாள் படி ஏறினேன் பாருங்கள், என் முதுகு அமைதியாக இருந்தது. காதைப் பின்னால் தீட்டிவைக்க வேண்டியிருக்கவில்லை. பின்னால் யாராவது வந்தால் அவன் காது எனக்கு முன்பே திரும்பும். அது திரும்பவில்லை என்றால் யாரும் இல்லை. அன்றுதான் துறைமுகத்துக் கப்பல் விளக்குகளை நின்று பார்த்தேன். பத்தொன்பது வருஷம் அந்த வழியில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. எதிரே வருகிற ஆண்கள் சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார்கள். கம்ஜா அவர்களைப் பார்த்து நடுங்கியது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

கழுத்துப் பட்டையில் ஒரு தகடு மாட்டினேன். "301, மா டேபால்" என்று பொறித்தேன். சட்டப்படி போன் எண்ணும் போட வேண்டும். ஒரு பெண் எடுக்கும் எண்ணைத் தெருவில் தொங்கவிட எனக்கென்ன பைத்தியமா?

எதிர் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாசல்கள் எதிரெதிரே இருந்தாலும் உள்ளே இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். 302-க்கு ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆள் வந்தது. வாசலில் கறுப்புப் பட்டாளத்துச் சப்பாத்து, படகு மாதிரி. உள்ளிருந்து காலையும் மாலையும் ஒரு ஆணின் இருமல். சாதாரண இருமல் இல்லை, மார்பைக் கிழிக்கிற இருமல். மூன்று முறை இருமுவார், எங்கிருந்தோ ஒரு சேவல் கூவும், மறுபடி இரண்டு முறை இருமுவார். மொட்டைமாடியில் சேவல் வளர்க்கிற முரட்டு ஆசாமி என்று முடிவு கட்டினேன். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தொப்பி போட்ட ஒரு முதுகு கதவுக்குள் மறைவதை இரண்டு தடவை பார்த்தேன். தடித்த கோட்டுக்குள் எந்த முதுகையும் எனக்கு அடையாளம் தெரியாது. அந்தச் சப்பாத்தைத் தாண்டும்போதெல்லாம் கம்ஜாவின் கயிற்றை இறுக்கிப் பிடிப்பேன்.

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கம்ஜா தொலைந்தான்.

வேலை முடிந்து படியில் பாதி ஏறியிருந்தோம். மேலே சீன உணவு கொண்டுபோகிறவன் தகரப் பெட்டியைக் கைதவற விட்டான். அது படிப்படியாக உருண்டு எங்களைப் பார்த்து வந்த சத்தத்தில் நானே செத்தேன் என்று நினைத்தேன். கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்த்தால் நாயைக் காணோம். கீழேதான் ஓடியிருப்பான் என்று நானும் கீழே ஓடினேன். கொதிகலன் அறை, மீன் சந்தை, படகுத்துறை என்று எட்டு மணிவரை தேடினேன். "கம்ஜா! கம்ஜா!" என்று நான் கத்த, காய்கறிக்காரி ஒருத்தி, "எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

தனியாகப் படி ஏறினேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. பதினேழாவது படி உடைந்திருக்கும், அதைத் தாண்டுவதற்குள்ளேயே பின்னால் காலடி கேட்டது. அது என் காலடியின் எதிரொலிதான் என்று தெரியும். தெரிந்தால் என்ன? முதுகுக்கு அதெல்லாம் புரியாது. கடைசி நாற்பது படியை ஓடியே ஏறினேன். மாடிக்கு வந்து கதவில் சாய்ந்து, "கம்ஜா, எங்கடா போனே?" என்று வாய்விட்டு அழுதேன். எதிர் வீட்டில் இருமல் தொடங்கியது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை விடியற்காலை நாலரைக்குத் தனியாக இறங்கினேன். அன்றைக்கு யாரை எப்படித் தேய்த்தேன் என்று தெரியாது. ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்து, "அழுக்கை எடு, எலும்பை விட்டுடு" என்றாள். மாலையில் சுவர்களில் காகிதம் ஒட்டினேன். அதிலும் என் எண்ணைப் போடவில்லை, குளியல் கூடத்து எண்ணைத்தான் போட்டேன். முதலாளியம்மா கம்ஜாவுக்காக ஒரு கொழுத்த எலும்பை எடுத்து வைத்திருந்தாள். அதை வாங்கிக்கொண்டு தனியாகப் படி ஏறினேன். வீட்டில், "டேபால், அவன் இந்தக் குளிர்ல எங்கே படுத்திருப்பான்?" என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

வியாழக்கிழமை மாலை பசியில்லாமலே அரிசியைக் களைந்து குக்கரில் போட்டேன். கை பழகிப்போன வேலை. இருபது நிமிஷம் கழித்துக் குக்கர் தன் பெண் குரலில், "ஆவி வெளியேறுகிறது" என்று அறிவித்துவிட்டுச் சீறியது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஊளை கேட்டது.

நான் அசையாமல் நின்றேன். குக்கர் சீறி முடித்தது. ஊளையும் முடிந்தது. உலகத்தில் எத்தனையோ நாய் ஊளையிடும், குக்கருக்குப் பக்கப்பாட்டு பாடுவது என் கம்ஜா மட்டும்தான். அவன் இரண்டு நாளாக இருந்தது என் வீட்டிலிருந்து ஒரு சுவர் தள்ளி, அந்த இருமல்காரனிடம்.

முதலில் வந்தது கோபம். கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் எதிர் வாசல் சப்பாத்தைப் பார்த்தேன், கோபம் பயமானது. உள்ளே வந்தேன். பயம் மறுபடி கோபமானது. இப்படி மூன்று தடவை உள்ளேயும் வெளியேயும் போய் வந்தேன். நாலாவது தடவை, நாளை விடிகாலை நாலரைக்குத் தனியாக இறங்க வேண்டுமே என்று நினைத்தேன். அதை விட இந்தக் கதவு மேல் என்று பட்டது. போய்த் தட்டினேன்.

உள்ளே இருமல். மூன்று, சேவல், இரண்டு.

"ஐயா, என் நாய் உள்ள இருக்கு. எனக்குத் தெரியும். மரியாதையா விட்டுடுங்க."

மறுபடி மூன்று, சேவல், இரண்டு.

என் கதவைப் பார்த்துத் திரும்பி, முழு மாடியும் அதிரக் கத்தினேன்: "ஏங்க, நீங்க வராதீங்க! நீங்க வந்தா கைகலப்பு ஆயிடும்! நானே பேசிக்கறேன்!"

உள்ளே ஏதோ கீழே விழுந்து உடைந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல், கதவை ஒட்டி, நடுங்கிக்கொண்டு: "அவரை வர வேண்டாம்னு சொல்லுங்க. அவர் வந்தா நான் திறக்கவே மாட்டேன்."

பெண்ணை நான் எதிர்பார்க்கவில்லை. "உன் வீட்டுக்காரரைக் கூப்பிடும்மா" என்றேன்.

"அவர் தூங்கறார்."

"தூங்கறவர் எப்படி இருமுறார்?"

"தூக்கத்துல இருமுவார்."

"சேவலும் தூக்கத்துலதான் கூவுதா?"

பிறகு கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. ஒரு கண், ஒரு கன்னம். நாற்பதுக்குள் இருக்கும். அவள் முழங்காலுக்குக் கீழே கம்ஜாவின் கரிமூக்கு. என்னைப் பார்த்ததும் அவன் பின்பக்கம் முழுவதும் ஆடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"குடு" என்றேன்.

"தர மாட்டேன்" என்றாள். "அக்கா, அவர் உங்களை அடிக்கறார்தானே? எனக்கு எல்லாம் கேக்குது. அவர் கத்தறது, பாத்திரம் விழறது. கதவு ஓட்டை வழியா உங்க கழுத்துல காயம் பாத்திருக்கேன், கருநீலமா, வட்ட வட்டமா. ரெண்டு தடவை போலீசுக்கு அடிக்க போனைக் கையில எடுத்துட்டேன். அடிக்கற வீட்டுக்கு நாயைத் திருப்பித் தர மாட்டேன். அவர் வெளியூர் போனா வாங்க, ரெண்டு பேருமா யோசிக்கலாம்."

கழுத்தில் இருப்பது குவளை வைத்த தடம். தோள் வலிக்கு வாராவாரம் மூலிகை வைத்தியரிடம் போய்ச் சூடான குவளைகளைக் கவிழ்த்துக்கொள்கிறேன். சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. ஒருத்தி ஒன்றரை வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் நாய் கிடைக்கும். ஆனால் நான் நிற்பது மாடிப்படியில். இரண்டாம் மாடியில் இரண்டு ஆண்கள் குடியிருக்கிறார்கள். இங்கே சொல்கிற சொல் கீழ்வாசல் வரை போகும். நான்கு வருஷமாக டேபாலின் சப்பாத்தைத் துடைத்துத் துடைத்து வைத்தது எதற்காக? கம்ஜா என்னைப் பார்த்து ஒரு தடவை முனகினான்.

"டேபால்னு யாரும் இல்லை" என்றேன். "என்னைக்குமே இருந்ததில்லை. நான் தனியாத்தான் இருக்கேன்."

சொன்ன அந்த நொடியில் நான் விதவையானது போல இருந்தது. இல்லாத மனிதனுக்குத் துக்கம் கொண்டாடுவதா என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். துக்கமாகத்தான் இருந்தது.

அவள் நம்பவில்லை. "அவர் சொல்லச் சொன்னாரா?" என்று கிசுகிசுத்தாள். நான் போய் என் கதவை அகலத் திறந்து விளக்கையெல்லாம் போட்டேன். "வந்து பார். கட்டிலுக்குக் கீழேயும் பார்."

அவள் காலுறையோடு வந்தாள், கையில் கம்ஜாவின் கயிறு. ஒரு தலையணை. ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, ஒரு பல்துலக்கி. கிம்ச்சி ஊறுகாய் டப்பா கூடக் குழந்தைக்கு வாங்குகிற அளவு. அவள் எதையும் தொடவில்லை. வெளியே வந்து குனிந்து டேபாலின் சப்பாத்தை எடுத்துத் திருப்பினாள். அடிப்பாகத்தில் கடைக்காரர் ஒட்டிய சைஸ் சீட்டு அப்படியே இருந்தது.

"இதை உரிச்சிருக்கணும் அக்கா" என்றாள்.

"உன்னோடதுல உரிச்சாச்சா?"

"அது அப்பா போட்டது. தேய்ஞ்சது." தன் கதவுக்கு உள்ளே கை விட்டு ஒரு பழைய போனை எடுத்துக் காட்டினாள். "இருமலும் அப்பாவோடதுதான். கடைசி வருஷம் ரொம்ப இருமினார். டாக்டருக்குக் கேக்க வைக்கலாம்னு ஊர்ல கொல்லைப்புறத்துல வச்சுப் பதிவு பண்ணேன். சேவல் விழுந்துடுச்சு. வேற பதிவு எடுக்கறதுக்குள்ள போயிட்டார்."

அவள் பெயர் ஹேரிம். வீட்டிலிருந்தபடியே ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் எடுக்கிறவள். பகல் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை. அவளைத் திட்டிய ஒருவன் பழைய வீட்டு வாசலுக்கே வந்து நின்றானாம். அதனால்தான் இந்த மலைக்கு வந்திருக்கிறாள். இரண்டு பெண்கள் ஒன்றரை வருஷமாக எதிரெதிர்க் கதவில் இருந்துகொண்டு, ஒருத்தியின் இல்லாத ஆணுக்கு இன்னொருத்தி பயந்திருக்கிறோம். எங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டு போய்க் கடலில் போட.

"எங்க கிடைச்சான்?" என்று கேட்டேன்.

"எங்கேயும் போகல அக்கா. செவ்வாய்க்கிழமை நேரா இங்கதான் ஓடி வந்தான். உங்க வாசல்ல அந்தச் சப்பாத்து மேல சுருண்டு படுத்து நடுங்கிட்டிருந்தான். தகட்டுல டேபால்னு போட்டிருந்தது. தனியா வந்ததுக்கு அவர் அடிச்சுடுவாரோன்னு உள்ள கூட்டிட்டேன்."

"நான் எட்டு மணிக்கு வந்து இதே இடத்துல அழுதேனே. கேக்கலையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "கேட்டது."

"அப்புறம்?"

"அவர் உள்ள இருக்கார்னு பயந்தேன்." கம்ஜாவின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு சொன்னாள்: "அது பாதி. மறுநாள் நீங்க வேலைக்குப் போனப்பறம் சாயங்காலம் நாலு மணிக்கு அவனைக் கூட்டிட்டுக் கீழே போனேன். ஆறு மாசமா நான் குப்பை போட மட்டும்தான் இறங்கறேன் அக்கா. அன்னிக்குக் கடல் வரைக்கும் போனேன். ஒருத்தன் எதிர்ல வந்தான், அவனே ஒதுங்கிப் போனான். எனக்கு அழுகை வந்துடுச்சு. இன்னும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயிட்டுத் தந்துடலாம்னு நினைச்சேன். இன்னைக்கும் போனேன்."

எனக்குப் புரிந்தது. அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் என் சொல். ஆனால் இரண்டு விடியற்காலையும் மூன்று மாலையும் நான் அந்தப் படியில் பட்டது நினைவுக்கு வந்தது. புரிகிறது என்பதற்காகக் கோபம் வராமல் இருக்குமா?

"நீ கடல் பாக்கறதுக்கு நான் சாகணுமா?" என்றேன்.

"தப்புதான் அக்கா. எப்பவாவது... நீங்க போகும்போது நானும் கூட..."

"என் நாயை நான் வாடகைக்கு விடறதில்லை." கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவை அறைந்தேன். கம்ஜா கதவைப் பார்த்துக் குரைத்தான். அவனுக்கு எலும்பு போட்டேன். சாப்பிட்டுவிட்டு என் காலில் தலை வைத்துத் தூங்கினான். வேண்டியது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆறிப்போன சோற்றை எடுத்து வைத்து, பழக்கத்தில், "பாத்தியா டேபால், திருடி..." என்று ஆரம்பித்தேன். வாய் நின்றுவிட்டது. இல்லை என்று நானே ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டேன். இனிமேல் அவரை எப்படிக் கூப்பிடுவது? அந்தச் சோற்றைப் போலத் தனிச் சோற்றை நான் அதுவரை தின்றதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. மூன்று, சேவல், இரண்டு. செத்துப்போன ஒரு மனிதர் தன் பெண்ணுக்காக இருமிக்கொண்டிருந்தார். நான் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியலில் கம்ஜாவோடு இறங்கினேன். முதுகு அமைதியாக இருந்தது. வேலைக்கு நடுவில் மீன் சந்தைக்காரி படுத்துக்கொண்டு, "டேபால் எப்படி இருக்கார்?" என்று கேலியாகக் கேட்டாள். "இருக்கார்" என்றேன். நடு முதுகில், எலும்புக்கு இரண்டு பக்கமும், சொந்தக் கை எட்டாத ஓர் இடம் உண்டு. அங்கே எல்லோருக்கும் அழுக்கு தடித்திருக்கும். அவளுக்கு அதைத் தேய்க்கும்போது ஹேரிமின் நினைவு வந்தது. குப்பை போட மட்டும் இறங்குகிறவளின் முதுகை யார் தேய்ப்பார்கள்? என் முதுகையே யாரும் தேய்த்து வருஷக்கணக்காகிறது.

சனிக்கிழமை எங்கள் கூடத்துக்கு விடுமுறை. ஐந்தரைக்குக் கம்ஜாவைக் கூட்டிக்கொண்டு கடல் பக்கம் போகக் கிளம்பினேன். 302-இன் முன்னால் அவன் உட்கார்ந்துகொண்டான். இழுத்தேன், வரவில்லை. "வாடா, துரோகி" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். உள்ளே இருமல் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. வாசலில் சப்பாத்தும் இல்லை. ஊரை விட்டே போய்விட்டாளோ? நான்தானே துரத்தினேன்.

அவனை இழுத்துக்கொண்டே படி இறங்கினேன். இருட்டத் தொடங்கியிருந்தது. நாற்பது படி இறங்கியிருப்பேன், மேலே ஒரு காலடி கேட்டது. கனமான சப்பாத்து. தொப், தொப் என்று, காலுக்குப் பொருந்தாத சப்பாத்து எழுப்புகிற சத்தம். என் முதுகு தானாக விறைத்தது. நான் நின்றேன். அது நின்றது. நடந்தேன். பத்துப் பதினைந்து படி விட்டு அதுவும் நடந்தது.

கம்ஜாவின் காது திரும்பியது. பிறகு அவன் முழுவதுமாகத் திரும்பிப் பார்த்தான். வால் ஆடி ஆடி என் முழங்காலில் அடித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை மட்டும் மெதுவாக்கினேன். சப்பாத்துச் சத்தம் கொஞ்சம் நெருங்கியது, பிறகு அதே தூரத்தில் தொடர்ந்தது. கீழே கப்பல்களில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உடைந்த படி வந்தது. நான் தாண்டினேன், கம்ஜா தாண்டினான்.

"இங்க ஒரு படி உடைஞ்சிருக்கு" என்று கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "அப்பா சப்பாத்து தடுக்கிடும். பாத்து வா."